அண்ணாந்து பார்த்த மும்பை

நம்மவர் மும்பைக்குச் சென்றால் என்னென்ன பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். மகாலட்சுமி கோயில், சித்தி விநாயகர் கோயில், படகேறிச் சென்று எலிபெண்டாக் குகைகள், அந்தி வேளையில் கடற்கரைச் சாலை, அதன்பின் துணிக்கடை. இடையே உறவினர் வீட்டில் இரண்டு வேளைச் சாப்பாடு. இவ்வளவும் முடிந்ததும், "பம்பாய் பார்த்தாயிற்று" என்று மூட்டை கட்டிவிடுவார்கள். இவற்றில் ஒன்றையும் நாங்கள் குறைகூற வரவில்லை. கோயிலுக்குப் போக வேண்டியதுதான். உறவினரையும் பார்க்க வேண்டியதுதான். ஆனால், காசு கொடுக்காமல், வரிசையில் நிற்காமல், தெருவில் நின்றபடியே பார்க்கக்கூடிய பெருஞ்செல்வம் ஒன்று அந்நகரில் உண்டு. அதன் கட்டடங்களே அச்செல்வம். கண்ணைச் சற்று மேலே உயர்த்தினால் போதும். அந்தச் சிறு முயற்சியைத்தான் நம்மில் பலர் செய்வதில்லை.

இப்பகுதியில் மலைகளையும் அருவிகளையும் திருத்தலங்களையும் பற்றிப் பல திங்களாக எழுதி வந்தோம். ஒரு மாறுதலாக, கட்டடங்களைக் காண்பதற்கென்றே சென்ற தை மாதத்தில் நாங்கள் இருவரும் மும்பையில் மூன்று நாள் சுற்றி வந்தோம். எங்கள் இருவருக்கும் பார்வை வேறு. ஒருவர் எந்தக் கட்டடத்தைக் கண்டாலும், "எந்த ஆண்டு கட்டியது? கட்டியவர் யார்?" என்று கேட்பவர். மற்றவர், அதாவது எங்கள் இல்லத்தின் நிதியமைச்சர், "இதில் யார் இருந்தார்கள்? காற்று வருமா? துணி எங்கே உலர்த்துவார்கள்?" என்று கேட்பவர். இந்த இரண்டு வகைக் கேள்விகளையும் துணையாகக் கொண்டு நாங்கள் கண்டவற்றை நேயர்கள் முன் வைக்கிறோம்.

கோட்டை போய் நகரம் வந்தது

முதலில் சிறிது வரலாறு. மும்பை ஏழு தீவுகளாகக் கிடந்த நிலம். போர்ச்சுகீசியர் வசமிருந்த அத்தீவு, 1661ஆம் ஆண்டின் திருமண உடன்படிக்கையின்படி இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்குச் சீதனமாக வந்தது. 1668ஆம் ஆண்டில் மன்னர் அதை ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் விட்டுவிட்டார். இன்றைய மும்பையில் ஓர் அறையின் வாடகை என்ன என்பதை அறிந்த அன்பர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம்.

கம்பெனியார் கோட்டைமதில் எழுப்பி அதற்குள் வாணிகம் செய்தனர். 1860களில் கவர்னராக இருந்த சர் பார்ட்டில் ஃபிரியர் அம்மதிலை இடிக்கச் செய்தார். ஏறக்குறைய அதே காலத்தில், எங்கோ தொலைவில் நடந்த ஒரு போர் இந்நகரின் தலையெழுத்தை மாற்றியது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து இங்கிலாந்தின் ஆலைகளுக்குச் சென்றுகொண்டிருந்த பஞ்சு நின்றுபோயிற்று. உடனே பம்பாய்த் துறைமுகத்துப் பஞ்சுக்கு விலை ஏறிற்று. பணம் வெள்ளமாகப் புகுந்தது. நாள்தோறும் ஒரு புதுக் கம்பெனி முளைத்தது. 1865ஆம் ஆண்டில் போர் முடிந்ததும் விலை சரிந்தது, கம்பெனிகள் கவிழ்ந்தன, லட்சாதிபதிகள் ஓட்டாண்டிகளாயினர். ஆயினும் அந்தச் செழிப்பின் வேகத்தில் தீட்டிய நகரத் திட்டம் நின்றுவிடவில்லை. மதில் போன வெளியில், மேற்கே கடலை நோக்கி, அரசாங்கக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

அவற்றுள் நாங்கள் முதலில் சென்று நின்றது பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் மணிக்கூண்டின் எதிரே. உயரம் 280 அடி. 1869இல் அடிக்கல் நாட்டி 1878இல் முடித்தார்கள். வரைபடம் தந்தவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சர் கில்பர்ட் ஸ்காட். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை என்பது வியப்புக்குரிய செய்தி. பொருள் தந்தவர் பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் பஞ்சு வணிகர். 1864ஆம் ஆண்டில், நூலகத்துக்கு இரண்டு லட்சமும் மணிக்கூண்டுக்கு இரண்டு லட்சமுமாக அவர் அளித்தார். தாயார் ராஜாபாயின் பெயரைக் கூண்டுக்கு வைத்தார்கள். அடுத்த ஆண்டுகளில் வந்த வீழ்ச்சியில் அவருடைய பெருஞ்செல்வமும் கரைந்தது. செல்வம் போயிற்று, கொடுத்தது மட்டும் நின்றது. சமண நெறிப்படி பொழுது சாயுமுன் உணவு கொள்ளும் அந்த அம்மையார், கண்பார்வை குன்றியிருந்ததால், மணியோசை கேட்டு நேரம் அறிந்தார் என்று செவிவழியாக ஒரு கதையும் வழங்குகிறது.

கூண்டின் மேற்பகுதியில் மனித உருவங்கள் 24 உண்டு. தேவதைகளோ ஆங்கிலேயப் பிரபுக்களோ அல்லர்; மேற்கு இந்தியாவின் பற்பல சமூகத்து மக்கள். கட்டுமானத்தில் உதவிப் பொறியாளராக இருந்த முகுந்த ராமச்சந்திரர் என்பவர் அவ்வுருவங்களை அமைத்தார். வரைபடம் இலண்டனிலிருந்து வந்தது. அதன் உச்சியில் ஏறி நிற்பவர்களோ இந்த மண்ணின் மக்கள்.

அங்கிருந்து சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் நிலையம். பழைய பெயர் விக்டோரியா டெர்மினஸ். நம்மவர் வாயில் 'வி.டி.' 1996ஆம் ஆண்டில் பெயர் மாறியது. 2017இல் 'மகராஜ்' என்பது சேர்ந்தது. எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் என்பவர் வரைந்த இந்நிலையத்தை 1878இல் தொடங்கிப் பத்தாண்டு கட்டினார்கள். வாயிலின் ஒரு தூண்மீது சிங்கம், மற்றொரு தூண்மீது புலி. சிங்கம் இங்கிலாந்து, புலி இந்தியா. சுவரெங்கும் மயில், குரங்கு, அணில், பறவைகள், இலைகள், பூக்கள். மழைநீர் வடியும் வாய்கள்கூட விலங்கு முகங்களாக இருக்கின்றன. இந்த நுண்வேலைகளில் ஜே. ஜே. கலைப்பள்ளி மாணவர்களின் கைவண்ணம் உண்டு. பயணச்சீட்டு வழங்கும் கூடத்தின் வளைவான கூரையில் பொன்னிற விண்மீன்கள் பதித்திருக்கிறார்கள். கீழே சீட்டுக்கு விரைகிற கூட்டம்; மேலே ஒருவரும் பாராத வானம்!

2004ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்நிலையத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அது உலகத்தார் அளித்த மதிப்பு. நமக்கு வேறொரு கணக்கும் உண்டு. தெற்கிலிருந்து மெயில் வண்டியில் வந்து, தகரப் பெட்டியும் ஒரு சிபாரிசுக் கடிதமுமாக இறங்கிய நம் முன்னோர் பலர், இந்நகரில் முதன்முதலாக அண்ணாந்து பார்த்த கூரை இதுவே. அவர்கள் விண்மீன்களைப் பார்த்திருப்பார்களா, தாதர் செல்லும் மின்ரயில் எந்த மேடையில் வரும் என்று பார்த்திருப்பார்களா என்பது எளிதில் விடை காணக்கூடிய வினாவே.

நம் ஆடை உடுத்த கட்டடங்கள்

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ஆட்சியாளரின் எண்ணம் சற்று மாறியது. ஐரோப்பியக் கோபுரங்களை இங்கே நடுவதைவிட, இந்நாட்டுக் குவிமாடங்களையும் வளைவுகளையும் கொண்டே கட்டுவோம் என்றார்கள். சென்னையில் 1892இல் திறந்த உயர்நீதிமன்றக் கட்டடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதன்று. மும்பையில் 1913இல் முடிந்த தலைமை அஞ்சல் நிலையம், பீஜப்பூரின் கோல் கும்பஸ் மாடத்தை நினைவூட்டுவது. ஜார்ஜ் விட்டெட் வரைந்த அருங்காட்சியகமும், 1924இல் திறந்த இந்தியாவின் நுழைவாயிலும் இவ்வகையின.

நுழைவாயிலின் கீழே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "நம் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்த துரை மாதிரி இருக்கிறது" என்றார் நிதியமைச்சர். பொருத்தமான சொல் என்றே தோன்றியது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அரசியாரும் 1911ஆம் ஆண்டில் வந்து இறங்கியதன் நினைவாக எழுப்பிய வாயில் இது. 1948ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், கடைசி ஆங்கிலேயப் படைப்பிரிவு இந்த வாயிலின் வழியாகவே வெளியேறிக் கப்பலேறியது. வரவுக்குக் கட்டிய வாயில் வழியனுப்பவும் பயன்பட்டது. கட்டியவர் நினைப்பது ஒன்று. காலம் அதைக் கொண்டு செய்வது மற்றொன்று.

ஒரு மைதானம், இரு கரைகள்

இரண்டாம் நாள் மாலையில் ஓவல் மைதானத்தைக் குறுக்கே நடந்து கடந்தோம். மும்பையில் ஒரே ஒரு மணி நேரந்தான் இருக்கிறது என்பவர்களுக்கு இந்த நடையையே சொல்வோம். பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு குழுக்களாகக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிழக்கே திரும்பினால் பல்கலைக்கழகம், உயர்நீதிமன்றம் முதலிய கோதிக் கட்டடங்கள்: கூர்நுனி வளைவுகள், சுழல் படிகள், கருங்கல். மேற்கே திரும்பினால் வேறோர் உலகம்: வழவழப்பான சுவர், வளைந்து திரும்பும் பால்கனி, இளமஞ்சளும் வெள்ளையும் இளம்பச்சையுமான வண்ணம். கரைக்குக் கரை அறுபது ஆண்டு இடைவெளி. இந்த இரு வரிசைகளும் கடற்கரைச் சாலைக் கட்டடங்களுமாகச் சேர்ந்த 94 கட்டடங்களை 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஒரே உலகப் பாரம்பரியத் தொகுதியாக அறிவித்தது.

கோதிக் கட்டடங்கள் எழுந்த நாளில் அவற்றுக்கும் கடலுக்கும் இடையே இம்மைதானமும் இருப்புப்பாதையும் மட்டுமே இருந்தன. பிறகு 1920களில் கடலைத் தூர்த்து நிலம் எடுக்கும் பெருந்திட்டம் தொடங்கியது. செலவு கட்டுக்கடங்காமல் போயிற்று. அதில் நடந்த சீர்கேடுகளைத் துணிந்து வெளிப்படுத்தியவர் கே. எஃப். நரிமன், நரிமன் முனை என்னும் பெயர் அவர் நினைவாக வந்தது. திட்டமிட்ட அளவு நிலம் கிடைக்கவில்லை. கிடைத்த நிலத்திலே ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரைச் சாலையும், அதையொட்டிய குடியிருப்புகளும் 1930களிலும் 1940களிலும் உருவாயின.

அக்காலத்தில் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த பாணி ஆர்ட் டெகோ. 1925ஆம் ஆண்டில் பாரிசில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியால் அப்பெயர் வந்தது. கல்லுக்குப் பதில் காங்கிரீட். செதுக்குவதற்குப் பதில் வார்த்தெடுப்பது. மும்பை இந்தப் பாணியைத் தன் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்பத் திருத்திக்கொண்டது. சன்னல்களின் மேலே புருவம் போல நீண்டு ஓடும் சன்ஷேடுகளைப் பாருங்கள். அழகுக்கும் ஆயிற்று, ஆனி ஆடிச் சாரலுக்கும் ஆயிற்று. கடலோர நகரம் அல்லவா? கப்பலின் சாயலும் புகுந்தது: வட்டச் சன்னல், மேல்தளத்துக் கம்பிக் கிராதி, முனையில் கப்பல் முகப்புப் போன்ற வளைவு. கதவுக் கிராதிகளில் எழுஞாயிற்றின் கதிர்கள், சுவரில் அலைகள், வாயிலின்மேல் கட்டடத்தின் பெயர் தனியழகுடைய எழுத்தில்.

கொலாபாவில் 1933இல் திறந்த ரீகல் திரையரங்கை வரைந்தவர் சார்லஸ் ஸ்டீவன்ஸ், வி.டி. நிலையத்தை வரைந்த ஸ்டீவன்சின் மகன். தந்தை கோதிக், மகன் டெகோ! மைதானத்தின் வடமேற்கு மூலையில் 1938இல் திறந்த ஈராஸ் திரையரங்கு சொராப்ஜி பேத்வார் என்னும் பார்சிக் கலைஞருடையது. இங்கேதான் ஒரு பெரிய மாறுதல். ராஜாபாய் கூண்டின் வரைபடம் கடல் கடந்து வந்தது. டெகோ வீடுகளில் பெரும்பாலானவற்றை வரைந்தவர்கள் கஜானன் மாத்ரே போன்ற இந்தியக் கலைஞர்கள், கட்டுவித்தவர்கள் இந்தியர்கள், குடியேறியவர்களும் இந்தியர்கள். முன்னது ஆள்வோர் தம் பெருமையைப் பிறர் காணக் கட்டியது. பின்னது இந்நாட்டார் தாம் வாழ்வதற்குக் கட்டியது.

மைதானத்தின் மேற்குக் கரையில் ஒரு பால்கனியில் சேலை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. "துணி உலர்த்த இடம் விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள்" என்று மகிழ்ந்தார் நிதியமைச்சர். உலகப் பாரம்பரியச் சின்னத்தில் சேலை உலர்வதைக் கண்டு எங்களுக்கும் ஒரு நெருக்கம் உண்டாயிற்று.

மாதுங்காவில் ஒரு மாடிப்படி

மூன்றாம் நாள் கட்டடம் பார்க்க நாங்கள் குறித்து வைத்திருந்த நாளன்று. எங்கள் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கமான ஓர் அம்மையாரைக் காண மாதுங்காவுக்குச் சென்றோம். அங்கேதான் இப்பயணத்தின் முக்கியமான கட்டடத்தைப் பார்த்தோம்.

மாதுங்கா என்றால் நம்மவர்க்கு விளக்கம் வேண்டாம். ஆனால் அது எப்படிப் பிறந்தது என்பதைப் பலர் அறியார். 1896ஆம் ஆண்டில் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியது. நெருக்கமும் இருளும் நிறைந்த குடியிருப்புகளே காரணம் என்று கருதி, 1898ஆம் ஆண்டில் நகர மேம்பாட்டு டிரஸ்டு ஒன்றை அமைத்தார்கள். அகன்ற சாலைகள், மரங்கள், பூங்காக்கள், வீட்டுக்கு வீடு காற்றோட்டம் என்ற திட்டத்தோடு தாதர், மாதுங்காப் பகுதிகள் உருவாயின. சுருக்கெழுத்தும் தட்டச்சும் கணக்கும் கற்று வடக்கே வந்த நம்மவர்க்கு இங்கே வாடகை வீடுகள் கிடைத்தன. 1923இல் ஆஸ்திக சமாஜம், 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம், 1952இல் சண்முகானந்த சபை என்று கோயிலும் பள்ளியும் சங்கீதமும் தொடர்ந்தன. அந்த வீடுகளில் பெரும்பகுதி எழுந்தது 1930களிலும் 1940களிலும். அதாவது, கடற்கரைச் சாலை எழுந்த அதே காலம், அதே சிமென்ட், அதே பாணி.

அம்மையார் இருப்பது மூன்று மாடிக் கட்டடம். வாசலில் 1938 என்று சிமென்டில் வார்த்திருக்கிறது. படியேறத் தொடங்கியதும் நிதியமைச்சர் நின்றுவிட்டார். "இங்கே பாருங்கள், நேற்றுப் பார்த்தோமே, அதே சூரியன்!" என்றார். ஆம், மாடிப்படிக் கிராதியின் இரும்பில் எழுஞாயிறும் கதிர்களும். படிக்கட்டுக்கு வெளிச்சம் தர மேலிருந்து கீழ்வரை ஒரே நீளச் சன்னல். மூலையில் வளைந்து திரும்பும் பால்கனி. அலுமினியச் சட்டமிட்டு அடைத்துவிட்டதால் அதன் வளைவு பாதி மறைந்திருந்தது. தரையில் மூன்று நிற மொசைக். நேற்று உலகப் பாரம்பரியம் என்று அண்ணாந்து பார்த்த அதே கலை, இங்கே வாசற்கோலத்துக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே நிற்கிறது.

காப்பி வந்தது. பேச்சும் வந்தது. அம்மையாருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 1962ஆம் ஆண்டில் மணப்பெண்ணாக இந்த வீட்டுக்குள் வந்தவர். மாமனார் 1941ஆம் ஆண்டில் வாடகைக்குப் பிடித்த வீடு. கட்டடம் இன்னும் சில மாதங்களில் இடிபடப் போகிறது. ஒப்பந்தம் எழுதியாயிற்று. புதிய கட்டடம் எழும்வரை முலுண்டில் மகள் வீட்டருகே இருக்கப் போகிறார். "லிப்ட் இல்லாமல் இரண்டு வருஷமாக நான் கீழே இறங்கியது எண்ணி ஏழெட்டுத் தடவை. மழைக்காலத்தில் சமையலறை ஒழுகுகிறது. போகட்டும்" என்றார்.

நிதியமைச்சர் அவரைக் கைபிடித்து நடைக்கு அழைத்துவந்து, அந்தக் கிராதியைக் காட்டி, இதற்கு இன்ன பெயர், இதுபோன்றதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று விளக்கினார். அம்மையார் வியப்போடு கேட்டார். "அறுபது வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் துடைத்திருக்கிறேன். கதிர் இடுக்கில் தூசி போகாது என்று திட்டிக்கொண்டேதான் துடைத்திருக்கிறேன்" என்று சிரித்தார். பிறகு சிறிது நேரம் பேசவில்லை. அப்புறம் மாடிப்படி திரும்பும் இடத்தைக் காட்டிச் சொன்னார்:

"அழகு எனக்குத் தெரியாது. ஆனால் இந்த இடத்தில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் தெரியுமா? ஊரிலிருந்து முகவரிச் சீட்டோடு வருவார்கள். உள்ளே இடம் இருக்காது. மாமனார் இங்கே பாய் போட்டுக் கொடுப்பார். காற்று நன்றாக வரும். ஒரு சமயம் ஐந்து பேர். வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தில் பூ வாங்கிக்கொண்டு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பால்கனியை அடைத்ததும் அழகுக்காக இல்லை. என் பெண் பரீட்சைக்குப் படிக்க ஓர் அறை வேண்டியிருந்தது."

நாங்கள் பதில் சொல்லவில்லை. நூலில் இல்லாத வரலாறு அது. அகலமான படிக்கட்டும் நீளச் சன்னலும் வேண்டும் என்று அந்தக் கலைஞர் வரைந்தபோது, வீட்டில் இருப்பவர்க்குக் காற்று வரட்டும் என்று நினைத்திருப்பார். வேலை தேடி வந்த நம் பிள்ளைகள் ஐவர் அக்காற்றில் உறங்குவார்கள் என்று அவர் எப்படி அறிவார்?

இடிப்பதும் காப்பதும்

இப்படிப்பட்ட கட்டடங்கள் ஏன் இந்த நிலைக்கு வந்தன என்பதையும் சொல்ல வேண்டும். 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வாடகையை 1940ஆம் ஆண்டின் அளவையொட்டி நிறுத்தியது. குடியிருப்போர்க்கு அது பெரும் பாதுகாப்பு. அது இல்லையேல் நம்மவர் பலர் அந்நகரில் நிலைத்திருக்கவே முடியாது. ஆனால் அந்த வாடகையில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் காணாது. வீட்டுக்காரர்க்கு வருவாய் இல்லை. பகடி கொடுத்துக் குடியிருப்பவர்க்கு முழு உரிமை இல்லை. இருவரும் கைவிட்ட சுவரில் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து பூசியது. காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிக்கு உப்புக் காற்று பகை. கம்பி துருவேறினால் பருக்கிறது. பருத்தால் மேல்பூச்சு வெடித்து விழுகிறது. 2000ஆம் ஆண்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பல கட்டடங்களுக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது.

ஆகவே, இடிப்பவர்களைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. மூன்று நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர், அங்கேயே இருப்பவரை நோக்கி, "நீங்கள் ஒழுகும் வீட்டிலேயே இருங்கள், எங்களுக்கு அழகாக இருக்கிறது" என்று சொல்வது நியாயமாகாது. லிப்ட் வேண்டியவர்க்கு லிப்ட் வேண்டும். ஆனால், பழுது பார்த்தால் பிழைக்கும் கட்டடமும், பிழைக்கவே வழியில்லாத கட்டடமும் ஒரே கணக்கில் விழுகின்றன என்பதே எங்கள் வருத்தம். கடற்கரைச் சாலையின் கட்டடங்களுக்கு உலகத்தின் பார்வை காவலாக இருக்கிறது. மாதுங்காவின் குறுக்குத் தெருக் கட்டடத்துக்கு, அதில் குடியிருப்பவர் பார்வையைத் தவிர வேறு காவல் இல்லை. அவரோ அண்ணாந்து பார்த்ததில்லை.

ஒன்றை மறந்துவிடலாகாது. மும்பைத் தமிழர் எல்லாரும் டெகோ வீட்டில் வாழ்ந்தவர் அல்லர். நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தவர்கள், எந்தக் கலைஞரின் வரைபடமும் இன்றித் தங்கள் கையாலேயே தங்கள் தெருக்களை எழுப்பினார்கள். அத்தெருக்களும் மறுசீரமைப்பை எதிர்நோக்கி நிற்கின்றன. அங்கேயும் எத்தனையோ திண்ணைகளில் எத்தனையோ பேர் படுத்து எழுந்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். பட்டியலில் ஏறாத கட்டடத்துக்கும் வரலாறு உண்டு.

நேயர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். மும்பைக்குச் செல்வோர் கோயிலையும் கடையையும் பார்த்தபின் ஒரு மாலைப் பொழுதை ஓவல் மைதானத்துக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் சென்று இரு கரைகளையும் காட்டுங்கள். இரண்டாவது, மும்பை மாதுங்காவில் மட்டுமன்று, கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கத்திலும், தில்லியின் கரோல் பாக்கிலும், நம்மவர் குடியேறிய வேறு நகரங்களிலும் பழைய கட்டடங்களில் இருப்போர், இன்று மாலையே வாசலுக்குச் சென்று உங்கள் கட்டடத்தை எதிர்ச்சாரியில் நின்று ஒருமுறை பாருங்கள். பெயர் எப்படி எழுதியிருக்கிறது, ஆண்டு பொறித்திருக்கிறதா, கிராதியில் என்ன உருவம் என்று குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுத்து வையுங்கள். சொசைட்டிக் கூட்டத்தில் இடிப்பதற்குக் கையெழுத்துக் கேட்கும் நாளில், "பழுதுபார்க்க என்ன செலவாகும் என்று ஒரு பொறியாளரைக் கேட்டீர்களா?" என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். விடை எதுவானாலும் கேள்வியைக் கேட்டதாக இருக்கட்டும். இடிப்பதே முடிவானால், பெயர்ப்பலகையையும் கிராதியின் ஒரு பகுதியையும் புதுக் கட்டடத்தில் வைக்கச் சொல்லுங்கள். மும்பையின் டெகோ கட்டடங்களைத் தெருத்தெருவாகப் பதிவு செய்துவரும் ஆர்ட் டெகோ மும்பை என்னும் அறக்கட்டளையும் இருக்கிறது. தகவல் தருவது நம் கடமை.

மூன்றாவது வேண்டுகோள் முதியவர்கள் உள்ள இல்லங்களுக்கு. அந்த வீட்டுக்கு யார் யார் முகவரிச் சீட்டோடு வந்தார்கள், எங்கே படுத்தார்கள், எந்த ஆண்டு வேலைக்குப் போனார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். எழுதியதை இத்திங்களிதழுக்கு அனுப்பினால் இப்பகுதியில் இடம் தருவோம். காங்கிரீட்டைக் காப்பது எல்லாராலும் ஆகாது. எழுதி வைப்பது எவராலும் ஆகும்.

மாதுங்கா அம்மையார் தாம் சொல்லச் சொல்ல எழுதும்படி பேத்தியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருப்பதாகச் சென்ற வாரம் தொலைபேசியில் தெரிவித்தார். இதுவரை முப்பத்தொரு பெயர்கள் எழுதியாகிவிட்டனவாம்.